வலப்பக்கம் காலி

மார்ச் 10, செவ்வாய். இன்று ஒரு தவறு செய்தேன். சின்னதுதான். கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் செருகியிருந்த இரண்டு கன்ட்ரோலர்களையும் ஒரே இழுப்பில் கழற்றிவிட்டேன். எது எந்தத் துளையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளவில்லை. ஒயர் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது, அவசரப்பட்டேன். இது காரணம்தான், சமாதானம் இல்லை.

எழுதி முடித்து அடியில் கோடு இழுத்தாள் டைரி. கோடு பாதியில் நின்றது. பேனாவும் விரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன மருமகளே, கசாயம் குடிச்ச மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?" என்றாள் அத்தை.

"இந்த ஒயரைத் தொட்டுப் பாருங்க அத்தை."

"நான் எதுக்குத் தொடணும்? துப்பறியறது நீ. நான் உதவியாளர். தொடறது என் டூட்டியில வராது."

அவர்களுடைய துப்பறியும் அலுவலகத்தில் மொத்தமே இரண்டு பேர்தான். டைரி என்பது பட்டப்பெயர்தான், வயது இருபத்து மூன்று. எதையும் வரிசைப்படி எழுதிவைத்தால்தான் நம்புவாள். எழுதிவைத்த பிறகும் முழுசாக நம்பமாட்டாள். பகலில் இந்த வேலை, மாலையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் வகுப்பு. அத்தை அவளுடைய அப்பாவின் கூடப்பிறந்தவள். இருபத்தெட்டு வருஷம் தையல்கடையில் வெட்டுமேசைக்குப் பின்னால் நின்றவள். கால் வலிக்கிறது என்று கடையை விட்டாள். வாய் வலிக்காததால் இங்கே வந்து சேர்ந்தாள்.

இருவரும் இப்போது நிற்பது ஒரு விளையாட்டுக் கூடத்தில். வரிசையாக இருபது கம்ப்யூட்டர். தரைவிரிப்பு ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும். இப்போது நடந்தால் செருப்பைப் பிடித்து இழுத்தது. கீபோர்டுகளின் இடுக்கில் சிப்ஸ் துகள், முடி, இன்னதென்று சொல்லமுடியாத ஏதோ ஒன்று. கழற்றிப் போட்ட சாக்ஸின் வாடைமேல் யாரோ வாசனைத் தைலம் தெளித்திருந்தார்கள். அதனால் வாடை போகவில்லை, கூட ஒன்று சேர்ந்திருந்தது.

கல்லாவில் முதலாளி உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல துப்பறிய என்னம்மா இருக்கு?" என்றார். "ஃபைலைத் தொட்டது திருப்புளி ஒருத்தன்தான். அவன் போட்டு முடிச்சதும் நான் மெஷினுக்கு டேப் ஒட்டி, டேப் மேல கையெழுத்தும் போட்டுட்டேன். பேயா வந்து மாத்தும்?"

நகத்துண்டு ஒன்று தெறித்து டைரியின் நோட்டில் விழுந்தது.

"சாட்சியத்தை நீங்களே அனுப்பி வைக்கிறீங்க சார்," என்றாள் அத்தை. "அதைப் போட்டு வைக்கத்தான் பை கொண்டு வரல."

திருப்புளி கல்லாவுக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றான். நாற்பது வயது. இந்தக் கூடத்தின் மெக்கானிக். ஒயர் அறுந்தாலும் மின்விசிறி நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன்தான் இவர்களைத் தேடி வந்தவன்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு பழைய கேமுக்கு இறுதிப் போட்டி. குட்டி வீரன் ஒருவன் பள்ளம் தாண்டி, சுட்டுக்கொண்டே ஓடும் கேம். அதற்கான பெட்டி இப்போது கடைகளில் கிடையாது. அதனால் எமுலேட்டர் என்ற புரோகிராமைப் போட்டு, கம்ப்யூட்டரையே அந்தப் பழைய பெட்டி மாதிரி நடிக்க வைக்கிறார்கள். எந்தப் பட்டனை அழுத்தினால் வீரன் குதிப்பான், எதற்குச் சுடுவான் என்பதை அவரவர் கைவாகுக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த செட்டிங் ஃபைலை முதல் நாள் சாயங்காலமே பென் டிரைவில் கொடுத்துவிட வேண்டும் என்பது இந்தக் கூடத்து வழக்கம். திருப்புளி அதை மெஷினில் ஏற்றுவான். முதலாளி டேப் ஒட்டுவார். மறுநாள் ஆட்டக்காரர் தன் கன்ட்ரோலரோடு வந்து உட்கார்ந்தால் போதும்.

எல்லோரும் காத்திருந்தது சூறாவளி என்ற ஆட்டக்காரனுக்காக. தகுதிச் சுற்றுக்கு அவன் வீட்டிலிருந்து அனுப்பிய வீடியோவில், முழுக் கேமும் பத்தொன்பது நிமிஷத்தில் முடிந்திருந்தது. வீரன் ஒருமுறைகூட விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் முதல் பள்ளத்திலேயே மூன்று முறை விழுந்தான். குதிக்கும் பட்டனை அழுத்தினால் வீரன் சிலை மாதிரி நின்றான். சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் தானாகக் குதித்து வானத்தைப் பார்த்துச் சுட்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சூறாவளி கன்ட்ரோலரை வீசிவிட்டு, "சதி! என் செட்டிங்கை மெக்கானிக் மாத்திட்டான்!" என்று கத்தினான். திருப்புளி திருப்பிக் கொடுத்த பென் டிரைவ் எங்கே என்றால், அது தொலைந்துவிட்டதாம்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நோட்டீஸ் ஒட்டிடுவேன்," என்றார் முதலாளி. "இவன் போட்டோவோட. ஊர்ல இருக்கிற எல்லாக் கூடத்துக்கும் ஒரு காப்பி போகும். கோப்பை சூறாவளிக்குத்தான். வீடியோ இருக்கே, அது போதும்."

"தங்கச்சி," என்றான் திருப்புளி மெதுவாக. "எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். போட்டோ போயிடுச்சுன்னா ஒரு பல்பு மாட்டக்கூட எவனும் உள்ள விடமாட்டான்."

டைரி தலையாட்டினாள். போட்டி மெஷினை அன்று வைத்தபடியே துணிபோட்டு மூடியிருந்தார்கள். அதன் பின்னால் இருந்தவை சூறாவளியின் கன்ட்ரோலர் ஒன்று, மாற்றுக்கு வைத்திருந்த கூடத்துக் கன்ட்ரோலர் ஒன்று. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு. கூடத்துடையதன் அடியில் திருப்புளி சிவப்பு நகப்பாலிஷால் பொட்டு வைத்திருந்தான். எது யாருடையது என்பதில் சிக்கல் இல்லை. எது எந்தத் துளை என்பதுதான் போயிற்று.

அவள் குத்துமதிப்பாகத் திருப்பிச் செருகி, கேமைத் திறந்தாள். சூறாவளியின் கன்ட்ரோலரை எடுத்துக் குதிக்கும் பட்டனை அழுத்தினாள். வீரன் ஒழுங்காகக் குதித்தான்.

"அட, சரியாயிடுச்சே!" என்றார் முதலாளி.

டைரி மற்றதை எடுத்து அழுத்தினாள். வீரன் சிலை. இடது கையால் லேசாகப் பிடித்தாள். வானத்தைச் சுட்டான்.

"நோய் இதுல இருந்து அதுக்குத் தொத்திக்கிச்சா?" என்றாள் அத்தை.

"இல்ல அத்தை. எமுலேட்டருக்குக் கன்ட்ரோலரோட முகம் தெரியாது. முதல் துளையில இருக்கிறது ஒண்ணாம் நம்பர், சூறாவளி செட்டிங் அதுக்குத்தான். அடுத்தது ரெண்டாம் நம்பர், மாற்றுக்கு வச்சதால அதுவும் இதே வீரனைத்தான் ஆட்டும், வழக்கமான செட்டிங்ல. நான் மாத்திச் செருகிட்டேன் போல. கோளாறு ஒண்ணாம் நம்பரோடவே நிக்குது. அப்படின்னா கன்ட்ரோலர்ல ஒரு கோளாறும் இல்ல. எல்லாம் செட்டிங் ஃபைல்லதான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. முதலாளி நகவெட்டியைக் கீழே வைத்தார்.

"இதைத்தானே நான் மூணு நாளா சொல்றேன்! ஃபைலைத் தொட்டது யாரு? இவன்!"

திருப்புளி அவளைப் பார்த்தான். காப்பாற்றக் கூப்பிட்ட ஆளே கழுத்தில் கயிறு மாட்டிவிட்டால் ஒருவன் எப்படிப் பார்ப்பானோ, அப்படி.

*

திருப்புளியின் அறை கூடத்துக்குப் பின்னால். ஒரு மேசை, ஒரு விளக்கு, டப்பா டப்பாவாக ஸ்க்ரூ. இந்தக் கட்டடத்திலேயே துடைத்துச் சுத்தமாக இருந்த இடம் அதுதான். டைரி முதல் வேலையாகச் சோப்புப்போட்டு இரண்டு முறை கை கழுவினாள்.

பிறகு சூறாவளியின் கன்ட்ரோலரை விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். கட்டைவிரலால் திருப்பும் இடது ஸ்டிக்கின் ரப்பர் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. அதன் பக்கத்தில் காய்ந்த பசை மாதிரி ஏதோ. வழிந்து காய்ந்த எச்சில் என்று தோன்றியது. துணியை நனைத்து, விரல் படாமல் துடைத்தாள். மூன்றாவது முறையாகக் கை கழுவினாள்.

"இப்படியே கழுவிட்டிருந்தா ரேகை அழிஞ்சிடும்," என்றாள் அத்தை. "அப்புறம் உன்னையும் யாரும் கண்டுபிடிக்க முடியாது."

டைரி போட்டி மெஷினிலிருந்து லேப்டாப்பில் எடுத்து வந்திருந்த செட்டிங் ஃபைலைத் திறந்தாள். எந்த வேலைக்கு எந்தப் பட்டன் என்று பன்னிரண்டு வரி. நோட்டில் இரண்டு பத்தி கோடு போட்டு ஒவ்வொன்றாக எழுதினாள். குதிக்க, இடது தோள் பட்டன். சுட, அதற்குக் கீழே இருக்கும் இடது விசை. வேகமாக ஓட, இடது ஸ்டிக்கையே உள்ளே அமுக்க வேண்டும். நிறுத்திவைக்க, இடது சிலுவைப் பட்டனின் மேல்முனை. பன்னிரண்டும் இடப்பக்கம். வலப்பக்கம் இருந்த பட்டன்கள் எதற்கும் வேலையே இல்லை.

"அண்ணே, நீங்க சாதாரணமா..."

நிமிர்ந்தவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. திருப்புளி ஏதோ ஒரு ஒயரை ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருந்தான். பற்றவைக்கும் கோல் அவனுடைய இடது கையில் இருந்தது.

"நீங்க இடதுகைக்காரரா?"

"பொறந்ததுல இருந்து. எங்கம்மா அடிச்சுப் பார்த்தாங்க, மாறல. ஏன்?"

டைரி நோட்டை மூடினாள். எல்லாம் இடது, இவனும் இடது. இவ்வளவு சுலபமா? இவ்வளவு சுலபம் என்றால் வந்ததிலிருந்து கைகட்டி நின்றதெல்லாம் நடிப்பா? தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. ஒரு ஆளைச் சுத்தமான மேசையை வைத்து நம்பியிருக்கிறாள்.

அத்தை எட்டி நோட்டைத் திறந்து படித்தாள். பிறகு கன்ட்ரோலரை எடுத்துத் திருப்புளியிடம் நீட்டினாள்.

"தம்பி, கொஞ்சம் ஆடிக் காட்டு."

அவன் கோலை வைத்துவிட்டு வாங்கினான். இரண்டு கையாலும் பிடித்தான். வலது கட்டைவிரல் தானாகப் போய் வலப்பக்கப் பட்டன்மேல் உட்கார்ந்தது.

"பாத்தியா?" என்றாள் அத்தை. "எங்க கடையில ஒருத்தி இடது கையாலதான் வெட்டுவா. வலது கையை வீட்டுலயா வச்சிட்டு வந்தா? துணியை அதாலதான் இழுத்துப் பிடிப்பா. இடதுகைக்காரங்களுக்கும் கை ரெண்டு, மருமகளே."

டைரி பட்டியலை மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை வேலைகளை விட்டுவிட்டு விரல்களைப் பார்த்தாள். தோள் பட்டனுக்கு ஆள்காட்டி விரல். விசைக்கு நடுவிரல். ஸ்டிக்குக்குக் கட்டைவிரல். ஒரே நேரத்தில் தேவைப்படும் இரண்டு வேலைக்காக எந்த விரலும் இடம் மாற வேண்டியதில்லை. அவசரமே இல்லாத 'நிறுத்து' மட்டும் கட்டைவிரல் நகர்ந்து போக வேண்டிய இடத்தில்.

"அத்தை, கெடுக்கணும்னு நினைக்கிறவன் எப்படி மாத்துவான்?"

"கண்டபடி கலைச்சுப் போடுவான்."

"இது கலைஞ்சிருக்கா?"

அத்தை கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினாள். துணி பார்க்கும் பார்வை. "கிழிச்சதுக்கும் பிரிச்சுத் தைச்சதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? இது கிழிசல் இல்ல. ஆல்டரேஷன். ஒரே ஒரு உடம்புக்கு அளவெடுத்துத் தைச்சது."

"வலது கையே இல்லாத உடம்புக்கு," என்றாள் டைரி. "இருந்தாலும் வேலை செய்யாத கை."

கடைசியில் பட்டனே இல்லாத ஒரு வரி இருந்தது. ஸ்டிக் எவ்வளவு அசைந்தால் அதை அசைவு என்று எடுத்துக்கொள்வது என்ற அளவு. திருப்புளி எட்டிப் பார்த்து விசில் அடித்தான். "நாங்க பத்து வைப்போம், மிஞ்சினா பதினஞ்சு. இதுல நாப்பது இருக்கு!"

"அப்படின்னா?"

"சின்னச் சின்ன அசைவை எல்லாம் கண்டுக்காதேன்னு அர்த்தம். கை நடுங்கினாலும் ஆள் அசையாது."

அந்தப் பதின்மூன்று வரிக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். ஒரு கை. அந்தக் கையிலும் நடுக்கம்.

டைரி கன்ட்ரோலரை விளக்கில் திருப்பினாள். இடப்பக்கம் தேய்ந்து வழுக்கை. வலப்பக்கப் பட்டன்களில் கடையில் வாங்கிய அன்றைய பளபளப்பு. முன்பே கண்ணில் பட்டதுதான். எச்சிலைப் பார்த்த அவசரத்தில் இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

"அண்ணே, பென் டிரைவ்ல இருந்த ஃபைலைத் திறந்து பார்த்தீங்களா?"

"அடுத்தவங்க செட்டிங்கை நான் திறக்கிறதே இல்ல தங்கச்சி. வந்ததை அப்படியே ஏத்துவேன்."

"அப்போ இது அப்படியே வந்தது. சூறாவளி வீட்டிலிருந்து."

"அவனுக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு," என்றாள் அத்தை. "கோப்பை வாங்க ரெண்டையும் நீட்டிட்டு நிக்கிறானே."

*

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு சூறாவளி தன் வீட்டுக் கதவைத் திறந்தான். இருபத்தைந்து வயது, தலையில் பளபளவென்று ஜெல். கையில் சிப்ஸ் பொட்டலம். விரலை நக்கி, வாசல் திரையில் துடைத்துவிட்டு, அதே கையை நீட்டினான். டைரி நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மெக்கானிக் அனுப்பினானா? மன்னிப்புக் கேக்கச் சொன்னானா? சூறாவளி மன்னிக்காதுன்னு சொல்லுங்க."

"சேச்சே," என்றாள் அத்தை. "உன் சாமானைத் திருப்பிக் கொடுக்க வந்தோம். ரெண்டும் ஒரே அச்சா இருக்கு, எனக்கு வயசான கண்ணு. உன்னோடதை நீயே எடுத்துக்கப்பா."

கூடத்து வாசலில் இருவரும் பேசிவைத்துக்கொண்டது இவ்வளவுதான். இரண்டு கன்ட்ரோலர்களும் மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில். அவன் பார்த்தான். ஒன்றைத் தூக்கினான், வழுக்கை ஸ்டிக்கை விரலால் தடவி முகம் சுளித்தான், வைத்தான். மற்றதை எடுத்தான்.

"இதான்."

"நல்லாப் பாரு தம்பி."

"எட்டு மாசமா ராப்பகலா பிடிச்ச சாமான். கண்ணைக் கட்டிவிட்டாக்கூட சொல்லுவேன்."

டைரி அதை அவன் கையிலேயே திருப்பினாள். அடியில் சிவப்புப் பொட்டு.

"இது கூடத்தோடது," என்றாள். "உங்களோடது மேசை மேல இருக்கு. அந்தத் தேஞ்ச ஸ்டிக்கை நீங்க ஒரு நாளும் தேய்க்கல."

அவன் வாயைத் திறந்தான். அவன் பேசுவதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. வார்த்தைகள் கொஞ்சம் குழறின. ஆனால் அதட்டல் தெளிவாக இருந்தது.

"தம்பி! யாரு? கூடத்துல இருந்தா? போட்டி என்னைக்குன்னு கேளுடா!"

சூறாவளி சிப்ஸ் பொட்டலத்தைக் கசக்கினான். "அது... அக்கா. உடம்பு சரியில்ல. உள்ள போகாதீங்க."

"பாத்ரூம் எங்கப்பா?" என்று கேட்டுக்கொண்டே அத்தை உள்ளே போய்விட்டாள். பதிலுக்கு நிற்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

அந்த அறையின் வாசலில் டைரிக்கு மூச்சு முட்டியது. மாற்றாத படுக்கைவிரிப்பின் நாற்றம். ஜன்னல் சாத்தியிருந்தது. தரையில் காலையில் வைத்த தட்டு, அதன் விளிம்பில் எறும்பு வரிசை. நடுவில் ஒரு மானிட்டர். அதன் முன் சக்கர நாற்காலியில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி. வலது கை மடியில் தலையணைமேல் கிடந்தது. முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. இறங்கிய பக்கம் வாயோரம் ஈரம். தலை மட்டும் படிய வாரியிருந்தது. வெளியே கிளம்புகிறவர்கள் உடுத்தும் உடுப்பு. அதில் மூன்று நாள் கசங்கல்.

அவள் கண், மேசையிலிருந்து டைரி கையோடு எடுத்து வந்திருந்த கன்ட்ரோலருக்குப் போனது.

"அட, என்னோடது! குடு குடு."

வாங்கிய வேகத்தில் அது அவளுடைய இடது கைக்குள் போய் உட்கார்ந்தது. ஆள்காட்டி தோள் பட்டனில், நடுவிரல் விசையில், கட்டைவிரல் வழுக்கையில். கை லேசாக நடுங்கியபடியே இருந்தது.

"யாரோ தொடைச்சிருக்காங்க," என்றாள். "என் எச்சில் ஒழுகும். ஆடும்போது வாயைக் கவனிக்க முடியாது. அருவருப்பா இருந்துதா?"

டைரிக்குப் பொய் வாய்வரை வந்தது. "இருந்தது," என்றாள். "யாரோடதுன்னு தெரியாம இருந்தது."

"பரவாயில்ல, எனக்கும்தான் இருக்கும்." அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதி முகத்தில்தான் வந்தது. வந்த பாதி நன்றாக இருந்தது. "எட்டு மாசம் ஆச்சு இந்த அளவுக்குக் கொண்டு வர. சுடறதை முதல்ல சிலுவைப் பட்டன்ல வச்சேன். கட்டைவிரல் ஓட்டத்தை விட்டுட்டுப் போகணும், பள்ளத்துல விழுந்துடுவான். அப்புறம்தான் நடுவிரலுக்கு மாத்தினேன். பத்தொன்பது நிமிஷம்! சொன்னானா தம்பி? போட்டி ஞாயித்துக்கிழமைன்னு கிளம்பி உக்காந்திருந்தேன். தள்ளிப் போயிடுச்சாமே?"

அத்தை அந்த உடுப்பின் கசங்கலைக் கையால் நீவிவிட்டாள்.

"பென் டிரைவ்ல செட்டிங்கைப் போட்டது யாரு?" என்று கேட்டாள் டைரி.

"நான்தான். ரெண்டு தடவை சரிபார்த்துக் குடுத்தேன். முன்னாடியே குடுக்கணும், ஆடறப்போ உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னு இவன் சொன்னான்."

டைரி திரும்பினாள். சூறாவளி கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

"மேடையில ஏறி ஆடினா ரெண்டாவது நிமிஷம் உங்க குட்டு உடைஞ்சிடும். அதனால ஆட்டமே நடக்கக் கூடாது. பட்டன் கோளாறா இருந்தா சதின்னு கத்தலாம். வீடியோவைக் காட்டிக் கோப்பையை வாங்கலாம். ஒண்ணு சொல்றேன், நீங்களா உக்காந்து ஒரு ஃபைலைக் கலைச்சிருந்தா திருப்புளி அண்ணனை யாராலும் காப்பாத்தியிருக்க முடியாது. அதுக்கும் சோம்பல். அக்கா உழைச்சதையே எடுத்துக் குடுத்துட்டீங்க."

"உங்களுக்கு என்ன தெரியும்?" அவன் குரல் கீச்சிட்டது. "கூட்டத்துக்கு நடுவுல இவளை எப்படி உக்கார வைக்கிறது? வாய் கோணிட்டு, ஒழுகிட்டு... நானூறு பேர் பாப்பாங்க. எல்லாருக்கும் அருவருப்பா இருக்கும். அவளுக்காகத்தான்! அவளுக்காகத்தான் நான் என் பேரைப் போட்டேன்!"

காலையிலிருந்து டைரி பார்த்த அழுக்கெல்லாம் நினைவுக்கு வந்தது. நகத்துண்டு, விரிப்பு, எறும்பு. அதெல்லாம் சோப்புக்குப் போகும். இவன் சொன்னது எதற்கும் போகாது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

அக்கா தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நானூறு பேர் வந்தாங்களா?" என்றாள்.

அவன் நிலையைவிட்டு ஒரு அடி பின்வாங்கினான்.

"நீ சொன்னப்போ நாப்பதுன்னு சொன்ன." கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். "இப்போ யார் மேல பழி போட்டிருக்கான் இவன்?"

டைரி சொன்னாள். மெக்கானிக், போட்டோ, பத்து மணி நோட்டீஸ். சுருக்கமாக, வரிசையாக. சொல்லச் சொல்ல உள்ளே ஒரு குரல் கேட்டது: ஒருத்தரைக் காப்பாற்ற இன்னொருத்தரைக் கொண்டுபோய்க் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தப் போகிறாயா? இவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?

"நீங்க வரணும்னு கட்டாயம் இல்ல," என்றாள். "ஆனா முதலாளி ஃபைலைப் பார்த்தா நம்பமாட்டார். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. இது யாரோட அளவுன்னு கண்ணால பார்த்தாத்தான் விடுவார். உங்க கை வேணும்."

"கை மட்டும் போதுமா, நானும் கூட வரணுமா?"

அத்தை கொல்லென்று சிரித்துவிட்டாள். "அம்மாடி, நீ எங்க கம்பெனிக்கு வந்துடு. எனக்கு ஓய்வு வேணும்."

"பத்து மணிக்கு முன்னாடி போகணும்," என்றாள் அக்கா. "நோட்டீஸ் ஒட்டினப்புறம் கிழிக்கிறது வேற, ஒட்டாம இருக்கிறது வேற. ஜன்னல் திறந்தே இருக்கட்டும். இந்த உடுப்பை மாத்தணும், யாராவது கை குடுங்க." பிறகு கதவுப் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்: "தம்பி, நீயும் வர்ற. நாற்காலியை நீதான் தள்ற. நான் ஆடி முடிக்கிற பத்தொன்பது நிமிஷமும் பின்னாடியே நிக்கிற. உனக்கு அருவருப்பா இருந்தா கண்ணை மூடிக்கோ."

அவன் தரையிலிருந்த தட்டைப் பார்த்தான். குனிந்து அதை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வெட்கமா, தப்பிக்கிற வழியா என்று டைரியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வகுப்பு ஆரம்பித்து அரைமணி ஆகியிருந்தது. பஸ் நிறுத்தத்து விளக்கடியில் நின்று அவள் நோட்டைத் திறந்தாள். அத்தை தைத்த காலத்துப் பழக்கத்தில் கிளம்பும்போதே நாற்காலியைக் கையால் சாண் போட்டுப் பார்த்திருந்தாள்.

"மூணு சாண், நாலு விரல்," என்றாள். "எழுதிக்கோ. கூடத்து வாசல் எவ்வளவு?"

டைரி யோசித்தாள். இன்று இரண்டு முறை அந்த வாசலைத் தாண்டியிருக்கிறாள். நகத்துண்டு முதற்கொண்டு எழுதி வைத்திருக்கிறாள்.

நாற்காலியின் அகலம் மூன்று சாண், நாலு விரல். கூடத்து வாசலின் அகலம் தெரியாது. வெளியே படி உண்டு. எத்தனை என்று எண்ணவில்லை. நாளை, புதன், காலை எட்டு மணிக்குத் திருப்புளி அண்ணனோடு போய் வாசலை அளக்க வேண்டும். படிகளை எண்ண வேண்டும். சரிவாகப் போட ஒரு நீளப் பலகை தேட வேண்டும். ஒன்பதரைக்குள் அக்கா உள்ளே இருக்க வேண்டும்.